மூச்சைப் படம் பிடித்த கதை

எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்த எவருக்கும் அந்தக் கட்டளை நினைவிருக்கும். சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். கைகளை இடுப்பில் வைத்துத் தோள்களை முன்னால் தள்ள வேண்டும். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க..." ஒரு சின்னச் சத்தம். "சரி, விடுங்க." அவ்வளவுதான், படம் தயார்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நுரையீரலின் தலையாய வேலை மூச்சு விடுவது. அந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் அதைப் படம் எடுக்கிறோம். ஓடும் ஆற்றை அணை போட்டு நிறுத்திவிட்டு, ஆறு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது போன்றது இது. கரை உடைந்திருந்தால் தெரியும். தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, எந்த வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது என்பது தெரியாது.

நுரையீரலின் வடிவத்தை மட்டுமல்லாமல் அதன் வேலையையும் படத்தில் பார்க்க வேண்டும், பார்த்ததை எண்ணாகவும் சொல்ல வேண்டும் என்ற முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று இதற்கென்றே உலகளவில் மாநாடுகளும் பயிலரங்குகளும் நடக்கின்றன. அங்கே மருத்துவர், இயற்பியலாளர், கணினி வல்லுநர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். இப்படி அவர்கள் ஒன்றுகூட வேண்டிய தேவை எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

எண் இருந்தது, படம் இல்லை

முதலில் வந்தது எண்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஹச்சின்சன், ஸ்பைரோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம், அதற்குள் செல்லும் ஒரு குழாய். குழாயில் ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு காற்று. 1846ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 2,130 பேரை ஊத வைத்து அளந்திருந்தார். கப்பல் மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், ஏழைகள், கனவான்கள் என்று எல்லாத் தரப்பினரும் அதில் இருந்தார்கள். மனிதன் முழுதாக இழுத்து முழுதாக வெளியே விடும் காற்றின் அளவுக்கு அவர் சூட்டிய ஆங்கிலப் பெயருக்கு 'உயிர்க் கொள்ளளவு' என்று பொருள். உயரம் கூடக்கூட இந்த அளவும் ஒழுங்காகக் கூடுகிறது என்று அவர் கண்டறிந்தார்.

எண்ணின் வலிமையைக் காட்ட ஒரு நிகழ்ச்சியும் அவருக்குக் கிடைத்தது. ஃப்ரீமன் என்ற ஏழடி உயர அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் 1842ல் இங்கிலாந்து வந்தபோது ஹச்சின்சன் அவரை அளந்தார். அபாரமான கொள்ளளவு! இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது எண் வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே அந்த வீரர் காசநோயால் இறந்துபோனார்.

ஸ்பைரோமீட்டர் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளை "வேகமா ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று ஊத வைப்பது இதன் வாரிசான கருவியில்தான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அது தரும் அளவு, இரண்டு நுரையீரலும் சேர்ந்த மொத்தக் கணக்கு. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், எல்லோரும் 60 எடுத்தார்களா, பாதிப்பேர் 100 எடுத்து மீதிப்பேர் 20 எடுத்தார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

படம் வந்தது, எண் இல்லை

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1896 ஜனவரி 23ஆம் தேதி அந்நகரின் இயற்பியல் - மருத்துவச் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். அரங்கில் இருந்த முதிய உடற்கூற்றியல் பேராசிரியர் கோலிக்கரின் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். இயற்பியலாளரும் மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து உடலின் உள்ளே பார்த்த முதல் கூட்டங்களில் அது ஒன்று.

அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃப்ரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற மருத்துவர், ஒளிரும் திரையில் நெஞ்சின் அசைவையே நேரடியாகப் பார்க்கத் தொடங்கினார். காசநோய் பிடித்த பக்கத்தில் உதரவிதானம் குறைவாக இறங்குகிறது என்று கண்டு சொன்னார். ஆக, நுரையீரலின் செயலைப் படத்தில் பார்க்கும் ஆசை எக்ஸ்ரே பிறந்த சில மாதங்களிலேயே பிறந்துவிட்டது! ஆனால் நீண்ட நேரம் கதிர்வீச்சில் நிற்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஆபத்து. எனவே வழக்கில் நிலைத்தது மூச்சைப் பிடித்து எடுக்கும் அசையாப் படம்தான். அதைப் பார்த்து மருத்துவர் "நிழல் தெரிகிறது", "கொஞ்சம் கருப்பாக இருக்கிறது" என்று சொல்லலாம். எவ்வளவு என்று சொல்ல முடியாது.

இறந்தவருக்கு மட்டும் பொருந்திய இலக்கணம்

இந்தப் பிளவு எவ்வளவு பெரிய சிக்கல் என்பது 1958ல் லண்டனில் நடந்த ஒரு சிறிய கூட்டத்தில் வெளிப்பட்டது. அது சிபா கருத்தரங்கு என்று அழைக்கப்படுகிறது. பிரிட்டனில் புகையும் பனியும் சேர்ந்து இருமல் நோய்கள் மலிந்திருந்த காலம் அது. ஒரே நோயாளியை ஒரு மருத்துவர் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்பார். இன்னொருவர் எம்ஃபைசீமா என்பார். சொற்களுக்குப் பொருள் வகுக்கவே வல்லுநர்கள் கூடினார்கள். அவர்களின் முடிவுகள் 1959ல் வெளிவந்தன.

எம்ஃபைசீமா என்பது நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகள் பெரிதாகி, அவற்றின் சுவர்கள் சிதைந்து போவது. அதை உடற்கூற்றின் அடிப்படையில்தான் வரையறுக்க வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. சரியான முடிவுதான். ஆனால் அதற்குள் ஒரு கொடுமை ஒளிந்திருந்தது. நுண்ணறைகளின் சுவரை நேரில் பார்க்க ஒரே வழி நுரையீரலை வெளியே எடுத்து அறுத்துப் பார்ப்பது! கார்டிஃப் நகரில் ஜெத்ரோ காஃப் என்ற நோயியல் வல்லுநரும் அவரது குழுவினரும், முழு நுரையீரலையும் மெல்லிய ஏடுகளாகச் சீவிக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாக்கும் முறையை 1949லேயே உருவாக்கியிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல்கள் அப்படி ஏடேடாகச் சேர்ந்தன. நோய் எங்கே, எவ்வளவு என்று அந்த ஏடுகள் துல்லியமாகக் காட்டின. ஆனால் அந்த நுரையீரலுக்கு உரியவர் அதற்குள் இறந்திருப்பார்.

அதாவது, நோய்க்குத் தெளிவான இலக்கணம் கிடைத்துவிட்டது. உயிரோடு இருப்பவருக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் வழியில்லை.

இரண்டு நிமிட ஆயுள் கொண்ட காற்று

இதே காலத்தில் லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் வேறொரு கதவு திறந்தது. அங்கே மருத்துவ ஆய்வுக்கென்று ஒரு சைக்ளோட்ரான் நிறுவப்பட்டிருந்தது. அதில் ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஐசோடோப்பைத் தயாரிக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம்தான்! தயாரித்த உடனே பயன்படுத்தியாக வேண்டும். இயந்திரமும் நோயாளியும் ஒரே வளாகத்தில் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் வெஸ்ட் என்ற இளம் மருத்துவர், டாலரி என்பவருடன் சேர்ந்து, இந்த ஆக்சிஜன் கலந்த கார்பன் டை ஆக்சைடை மனிதர்களைச் சுவாசிக்க வைத்தார். நெஞ்சுக்கு வெளியே, மேலிருந்து கீழ்வரை கதிர்வீச்சை எண்ணும் கருவிகளை வைத்தார். நுரையீரலின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு காற்று வருகிறது என்பதை அவை காட்டின. பிறகு அந்த வாயு ரத்தத்தில் கலந்து எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகிறது என்பதையும் காட்டின. 1960ல் வெளிவந்த முடிவு பாடப்புத்தகத்தையே மாற்றியது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதனின் நுரையீரல் உச்சியில் ரத்த ஓட்டம் மிக மிகக் குறைவு. கீழே வரவர அது பெருகுகிறது. காற்றும் கீழேதான் அதிகம், ஆனால் ரத்தத்தின் அளவுக்கு வேறுபாடு இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் புவியீர்ப்பு!

நல்ல நுரையீரலே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று தெரிந்தது. உச்சியில் ரத்தத்தோடு ஒப்பிட்டால் காற்று மிகுதி, அதனால் ஆக்சிஜனும் மிகுதி. பெரியவர்களுக்கு வரும் காசநோய் நுரையீரலின் உச்சியைத் தேடிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் நிப்பிங் குழுவினர் 1955லேயே கதிரியக்கச் செனான் வாயுவைச் சுவாசிக்க வைத்து அளக்கத் தொடங்கியிருந்தார்கள். 1964ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் குழுவினர், கதிரியக்கம் ஏற்றிய மிக நுண்ணிய புரதத் துகள்களை ரத்தத்தில் செலுத்தினர். துகள் போய்ச் சேராத இடம் ரத்தம் போகாத இடம். நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து உயிரைப் பறிக்கும் நோயை இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் அங்கே அடைப்பு. காற்றுப் படம் ஒன்று, ரத்தப் படம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டால் விடை! மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்த முதல் செயல்பாட்டுப் படம் இதுவே. ஆனால் படம் மங்கலானது. 1990ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பெரும்பாலோருக்கு அந்தப் படத்தால் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று தெரிய வந்தது.

சத்தமில்லாத பகுதி

மனித மூச்சுக்குழல் மரம் போன்றது. அடிமரம் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, சுமார் 23 தலைமுறை கிளைத்து நுண்ணறைகளில் முடிகிறது. நுண்ணறைகளின் எண்ணிக்கை சுமார் 30 கோடி என்று 1960களில் கணித்தார்கள். 2004ல் வந்த நவீனக் கணக்கீடு சராசரியாக 48 கோடி என்கிறது.

1960களின் பிற்பகுதியில் மேக்லம், மீட், ஹாக் முதலியோர் ஒரு வியப்பான உண்மையைக் கண்டார்கள். 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழல்கள் எண்ணிக்கையில் ஏராளம். எனவே அவை எல்லாம் சேர்ந்து காற்றுக்குத் தரும் தடை, நல்ல நுரையீரலில் மிகச் சிறு பங்குதான். இது நல்ல செய்தி போலத் தோன்றும். உண்மையில் இதுதான் ஆபத்து! சிறு குழல்களில் பாதி அடைபட்டாலும் மொத்தத் தடை பெரிதாக மாறாது. ஊதும் கருவி 'சரியாக இருக்கிறது' என்றே சொல்லும். 1970ல் ஜியர் மீட் இதை நுரையீரலின் 'அமைதி மண்டலம்' என்று அழைத்தார். புகை பிடிப்பவர் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பதும், மூச்சு வாங்கத் தொடங்கும்போது காலம் கடந்துவிட்டிருப்பதும் இதனால்தான்.

சத்தமே போடாத பகுதியில் நடப்பதை அறிய வேண்டுமானால் உள்ளே இடம் இடமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

படமே எண்ணாக மாறிய நாள்

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. கருவியை உருவாக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979ல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சி.டி. படத்தைப் பார்ப்பவர்கள் அதைப் புகைப்படம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஓர் எண் பட்டியல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. இதற்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்றே பெயர். நுரையீரலுக்கு இந்த அளவுகோல் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ஏனென்றால் நுரையீரல் என்பது காற்றும் திசுவும் ரத்தமும் கலந்த கலவைதானே! ஒரு புள்ளியின் எண் கழித்தல் 850 என்றால், அங்கே ஏறக்குறைய 85 பங்கு காற்று, 15 பங்கு திசுவும் ரத்தமும். கழித்தல் 950 என்றால் 95 பங்கு காற்று. சுவர்கள் கரைந்துபோய்விட்டன என்று பொருள்.

1988ல் கனடாவின் வான்கூவரில் முல்லர் குழுவினர், நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு வந்த 28 பேரை முன்கூட்டியே சி.டி. எடுத்தார்கள். கழித்தல் 910க்குக் கீழே போன புள்ளிகளை எல்லாம் கணினியே நிறம் தீட்டிக் காட்டும்படி செய்தார்கள். பிறகு அறுத்தெடுத்த நுரையீரலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நன்றாகப் பொருந்தின. 1990களின் நடுவில் பெல்ஜியத்தின் ஜெவனுவா குழுவினர், மெல்லிய வெட்டுப் படங்களுக்குக் கழித்தல் 950 பொருத்தமான எல்லை என்று காட்டினார்கள்.

லண்டன் கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு முப்பது ஆண்டுகள் கழித்து விடை வந்தது. காஃப் காகிதத்தில் ஒட்டிய அந்த ஏடுகளை இப்போது உயிரோடு இருப்பவரின் நெஞ்சிலிருந்தே, கத்தியின்றி எடுக்கலாம்.

உயிரா, சாவா?

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் விளையாட்டு அல்லவா, நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பதில் ஓர் அறுவை சிகிச்சையின் கதையில் இருக்கிறது.

எம்ஃபைசீமா முற்றியவரின் நுரையீரல் ஊதிப் பருத்து நெஞ்சை அடைத்துக்கொள்ளும். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தால் மிச்சம் விரிந்து வேலை செய்ய இடம் கிடைக்காதா? 1950களில் பால்டிமோரில் பிரான்டிகன் இதை முயன்றார். இறப்பு அதிகமாக இருந்ததால் கைவிடப்பட்டது. 1990களில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார். 1995ல் அவர் வெளியிட்ட 20 நோயாளிகளின் கணக்கில் எவரும் இறக்கவில்லை. முதல் நொடியில் ஊதும் காற்று சராசரியாக 82 சதவீதம் கூடியிருந்தது! செய்தி பரவியது. அமெரிக்கா முழுவதும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. எல்லா இடத்திலும் முடிவு இப்படி இனிப்பாக இல்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடு பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் ஒழுங்கான ஆய்வு நடக்கட்டும் என்றது.

அப்படிப் பிறந்ததுதான் தேசிய எம்ஃபைசீமா சிகிச்சை ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்கு மருந்தும் உடற்பயிற்சியும் அளித்தார்கள். 2001ல் ஒரு பகீர் தகவல் வெளியானது. ஊதும் திறன் எதிர்பார்க்கும் அளவில் 20 சதவீதமோ அதற்கும் கீழோ இருந்து, அதோடு சி.டி. படத்தில் நோய் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருந்தவர்கள், அல்லது வாயுவை ரத்தத்துக்குக் கடத்தும் திறனும் அதே அளவு குறைந்திருந்தவர்கள் தனியாகப் பார்க்கப்பட்டார்கள். அவர்களில் அறுவை செய்துகொண்ட 69 பேரில் 16 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். மருந்து மட்டும் பெற்ற 70 பேரில் அந்த 30 நாட்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அத்தகையவர்களை ஆய்வில் சேர்ப்பது உடனே நிறுத்தப்பட்டது.

2003ல் 1,218 பேரின் முழு முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அறுவையால் ஆயுள் கூடவில்லை. பிரித்துப் பார்த்தால் கதை வேறு! சி.டி. படத்தில் நோய் மேல்பகுதியில் குவிந்திருந்து, உடற்பயிற்சித் திறனும் குறைவாக இருந்தவர்களுக்கு அறுவை உயிரைக் காத்தது. இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியானது. நோய் மேல்பகுதியில் குவியாமல், உடற்பயிற்சித் திறன் நன்றாக இருந்தவர்களுக்கோ அபாயம் இரண்டு மடங்கானது.

கறையான் பிடித்த புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். மேல் மூலை மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் அந்த மூலையைக் கத்தரித்துவிட்டு மீதியைப் படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் அங்கங்கே அரித்திருந்தால் எங்கே கத்தரித்தாலும் நல்ல எழுத்தும் சேர்ந்தே போகும். இரண்டு புத்தகங்களையும் எடை போட்டால் ஒரே எடை காட்டலாம். ஊதும் கருவி எடை போடுவது மாதிரி. எங்கே அரித்திருக்கிறது என்று சொன்னது படம்தான். இரண்டு நோயாளிகள், ஊதிய எண் ஒன்றே, ஆனால் கத்தி ஒருவரைக் காத்தது, மற்றவரைக் கொன்றது. இந்தத் துறையின் பயன் என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒளியால் விழித்த வாயு

சி.டி. சிதைவைக் காட்டும். காற்று எங்கே போகிறது என்பதை நேராகக் காட்டாது. கதிர்வீச்சும் உண்டு. கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்றால், அதற்கு நுரையீரல் ஒரு கருங்குகை. எம்.ஆர்.ஐ. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் குரலைக் கேட்பது. நுரையீரலில் பெரும்பகுதி காற்று. கேட்க ஆளே இல்லை!

அப்படியானால் உள்ளே போகும் காற்றையே பேச வைத்தால்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹாப்பர், கார்டன் கேட்ஸ் ஆகிய இயற்பியலாளர்கள் லேசர் ஒளியால் ருபிடியம் ஆவியின் எலக்ட்ரான்களை ஒரே திசையில் நிற்க வைத்தார்கள். அவை செனான் அணுக்களோடு மோதும்போது அந்த ஒழுங்கு செனானின் அணுக்கருவுக்கும் தொற்றும். சாதாரணமாகக் காந்தப் புலத்தில் பத்து லட்சம் அணுக்கருக்களில் ஒரு சில மட்டுமே கூடுதலாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும். லேசர் வித்தையால் இது பல்லாயிரம் மடங்கு பெருகும். ஊமையாக இருந்த வாயு உரக்கப் பேசத் தொடங்கும்!

அணுக்கரு இயற்பியலின் கேள்விகளுக்காக வளர்ந்த இந்த முறையை ஸ்டோனி ப்ரூக்கில் இருந்த ஆல்பர்ட், விஷ்னியா ஆகியோர் உயிரியலுக்குக் கொண்டுவர விரும்பினார்கள். இரு தரப்பும் கைகோத்ததன் விளைவாக 1994ல் எலியின் உடலிலிருந்து எடுத்த நுரையீரலின் படம் வெளிவந்தது. செனான் நிரம்பிய நுரையீரல் பளிச்சென்று தெரிந்தது. 1996ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் மனித நுரையீரல் படங்கள் வெளியாயின. அவற்றில் பயன்பட்டது ஹீலியம்-3. அது செனானைவிட வலுவான ஒலி தந்தது.

ஆனால் ஹீலியம்-3 கிடைக்கும் வழி விசித்திரமானது. அணுகுண்டுகளுக்காகச் சேமித்து வைத்த டிரிடியம், 12.3 ஆண்டு அரை ஆயுளில் சிதைந்து ஹீலியம்-3 ஆகிறது. பனிப்போர் முடிந்து டிரிடியம் குறைந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் கதிரியக்கப் பொருள் கடத்தலைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு அதே வாயு தேவைப்பட்டது. 2008 வாக்கில் கடும் தட்டுப்பாடு! நுரையீரல் ஆய்வாளர்கள் மீண்டும் செனானிடம் வந்தார்கள்.

இந்தத் திரும்பல் நன்மையாக முடிந்தது. செனான் காற்றில் நூறு கோடியில் 87 பங்குதான் இருக்கிறது என்றாலும் அதைக் காற்றிலிருந்தே பிரித்தெடுக்கலாம். அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஹீலியம் நுண்ணறையோடு நின்றுவிடும். செனான் சுவரில் கரையும், ரத்தச் சிவப்பணுவிலும் கரையும். மூன்று இடத்திலும் மூன்று சுருதியில் பேசும். ஒரே மூச்சில் காற்று எங்கே போனது, சுவரைத் தாண்டியதா, ரத்தத்தை அடைந்ததா என்று மூன்றையும் கேட்டு அறியலாம். 2021ல் பிரிட்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வில், கோவிட் வந்து மூன்று மாதம் ஆகியும் மூச்சுத் திணறிய நோயாளிகளின் சி.டி. படம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. செனான் படமோ வாயு ரத்தத்துக்குக் கடப்பதில் குறை இருப்பதைக் காட்டியது. "படத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டு வீடு திரும்பியவருக்கு, தன் மூச்சுத் திணறல் கற்பனையல்ல என்று தெரிவது சிறிய ஆறுதலா என்ன? 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் காற்றோட்டத்தைப் படமெடுக்க இந்தச் செனானை அனுமதித்தது. எலி நுரையீரல் படம் வந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கூடிப் பேச வேண்டியது ஏன்?

நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவு ஓர் எண். எந்த நல்ல ஆய்வகத்தில் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. நுரையீரல் படத்தின் எண்ணுக்கு அந்த நம்பிக்கை எளிதில் வருவதில்லை. கருவியின் நிறுவனம் மாறினால் எண் மாறும். வெட்டின் தடிமன் மாறினாலும், படத்தை உருவாக்கும் கணக்கு முறை மாறினாலும் எண் மாறும். நோயாளி கொஞ்சம் குறைவாக மூச்சிழுத்தால்கூட நுரையீரல் அடர்த்தியாகத் தெரியும். நோய் குறைந்துவிட்டது என்று தவறாகக் கணக்காகிவிடும்!

இதைத் தனி ஒரு மருத்துவமனை தீர்க்க முடியாது. 2007ல் வட அமெரிக்கக் கதிரியல் சங்கம், படங்களில் எடுக்கும் அளவுகளைத் தரப்படுத்தவே ஒரு கூட்டணியை அமைத்தது. அதில் மருத்துவர்களோடு கருவி தயாரிக்கும் நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் அமர்ந்தன. 1969ல் நெஞ்சுக் கதிரியல் வல்லுநர்கள் சிலர் தொடங்கிய ஃப்ளீஷ்னர் சங்கம், நுரையீரல் செயல்பாட்டைப் படமெடுக்கும் முறைகளை நோயாளிக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒரு நிலைப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது. இத்தகைய மாநாடுகளில் புதுப் படங்களைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது ஒரு பகுதி மட்டும்தான். ஓர் ஊரில் எடுத்த எண் இன்னோர் ஊரிலும் அதே பொருள் தர வேண்டும் என்பதற்கான சலிப்பூட்டும் வேலை மறுபகுதி. நோயாளிக்கு உண்மையில் உதவுவது அந்த இரண்டாவது பகுதிதான்.

முடிவாக...

ஹச்சின்சனிடம் எண் இருந்தது, இடம் இல்லை. ராண்ட்ஜனிடம் இடம் இருந்தது, எண் இல்லை. காஃபிடம் இரண்டும் இருந்தன, ஆனால் நோயாளி உயிரோடு இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மருத்துவர்கள் மட்டும் முயன்றிருந்தால் இது முடிந்திருக்காது. சைக்ளோட்ரான், கணினி, லேசர் என ஒவ்வொன்றும் வேறெதற்கோ பிறந்து நுரையீரலுக்கு வந்து சேர்ந்தது.

இன்றும் ஊதும் கருவிதான் மலிவானது, எளிதில் கிடைப்பது. அதன் இடத்தை எதுவும் பறித்துவிடவில்லை. ஆனால் இனி அது மட்டுமே சாட்சி அல்ல. மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொல்லும்போது, எவ்வளவு என்று கேட்டு நின்றுவிடாமல், எங்கே என்றும் கேட்க முடிகிறது. 1958ல் லண்டனில் கூடியவர்களுக்கு அந்தக் கேள்வியின் விடை நோயாளி இறந்த பிறகே கிடைத்தது. இன்று அவர் மூச்சை விட்டுவிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போதே கிடைக்கிறது.